வெள்ளிக்கிழமை ஈல்டும் ஒரு பென்சில் கோடும்: பத்திரச் சந்தையின் திசையைப் படிக்கக் கற்ற அனுபவம்

2013 மே மாதத்தில் மும்பையில் ஒரு வங்கியின் டிரெஷரிப் பிரிவில் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் டீலராக இருந்தேன். அந்த வேலையில் எனக்கு அப்போது நான்கு ஆண்டு அனுபவம். மே 3-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போ வட்டியை 7.25 சதவிகிதமாகக் குறைத்திருந்தது. மொத்த விலைப் பணவீக்கம் 5 சதவிகிதத்துக்குக் கீழே வந்திருந்தது. அடுத்து நடக்கும் கூட்டங்களிலும் வட்டி குறையும் என்பதே டீலர்கள் பலருடைய கணிப்பாக இருந்தது. 7.16 சதவிகிதக் கூப்பனுடன் (முகமதிப்பின் மேல் ஆண்டுதோறும் தரும் மாறாத வட்டி) 2023-இல் முதிர்வடையும் புதிய பத்தாண்டுப் பத்திரம் அந்த மாதம்தான் வெளியானது. அதை நான் தொடர்ந்து வாங்கிச் சேர்த்தேன். மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் அன்றைய தலைவர் பென் பெர்னான்கி, தாங்கள் மாதந்தோறும் வாங்கிவரும் பத்திரங்களின் அளவைக் குறைக்கக்கூடும் என்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியபோதும், அது டாலரைப் பற்றிய செய்தி, நம் வட்டி விகிதத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றே எண்ணினேன்.

ஜூன் மாதத்தில் ஈல்டு, அதாவது பத்திரத்துக்குச் சந்தை கேட்கும் வட்டி, சிறிது சிறிதாக ஏறியது. அந்த மாதக் கடைசியில் டாலரின் விலை 60 ரூபாயைத் தாண்டியது. ஒவ்வொரு ஏற்றத்தையும் வாங்குவதற்குக் கிடைத்த வாய்ப்பாகவே நான் பார்த்தேன், ஏனென்றால் வட்டி குறையும் என்ற என் காரணங்களில் எதுவும் மாறியிருக்கவில்லை. ஜூலை 15 இரவு, ரூபாயின் சரிவைத் தடுப்பதற்காக, வங்கிகள் அவசரத்துக்கு ஓரிரவுக் கடன் வாங்கும் வசதியின் வட்டியை ரிசர்வ் வங்கி 10.25 சதவிகிதமாக உயர்த்தியது. மறுநாள் பத்தாண்டு ஈல்டு 8 சதவிகிதத்தைத் தாண்டியது. அடுத்த மூன்று நாட்களில், 100 ரூபாயை ஒட்டி வாங்கிய பத்திரத்தை 93 ரூபாய் சொச்சத்துக்கு விற்று முடித்தேன். ஆகஸ்ட் 20-ஆம் தேதி வாக்கில் ஈல்டு 9 சதவிகிதத்தையும் தாண்டி, அதே பத்திரத்தின் விலை 88 ரூபாயைத் தொட்டது. 5 கோடி ரூபாய் முகமதிப்புள்ள ஒரே ஒரு லாட்டை வைத்திருந்தவருக்குக்கூட மூன்று மாதத்தில் 60 லட்சம் ரூபாய் போயிற்று என்பது இதன் பொருள்.

பத்திரம் பழகாதவர்களுக்காக ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கூப்பன் மாறாமல் இருப்பதால், சந்தை கேட்கும் வட்டியான ஈல்டு ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். ஈல்டு இறங்கினால் விலை ஏறும். ஒரு சதவிகிதத்தின் நூறில் ஒரு பங்கைப் பேசிஸ் பாயின்ட் என்போம். பத்தாண்டுப் பத்திரத்தில் ஒரு பேசிஸ் பாயின்ட் மாறினால் 5 கோடி ரூபாய் லாட்டின் மதிப்பு ஏறத்தாழ 35,000 ரூபாய் மாறும். இந்த 35,000 என்ற எண்ணைப் பின்னால் மீண்டும் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

மூத்த டீலரின் வரைபடத் தாள்

நான் விற்று முடித்த வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலையில், எங்கள் பிரிவின் மூத்த டீலர் என்னைத் தம் மேசைக்கு அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைத் ‘தம்பி’ என்றே அழைப்பார். நான் அவரைச் ‘சார்’ என்பேன். மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து, ஒன்றோடொன்று பசை நாடாவால் ஒட்டப்பட்டு, ஊர் வரைபடம் போல மடிக்கப்பட்ட கிராஃப் தாள்களை எடுத்து விரித்தார். 2004 முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்தாண்டு ஈல்டு முடிந்த அளவைப் பென்சிலால் புள்ளியிட்டு, புள்ளிகளைக் கோட்டால் இணைத்திருந்தார். 2008 ஜூலையில் 9 சதவிகிதத்துக்கு மேலே நின்ற கோடு, அந்த ஆண்டு முடிவதற்குள் 5 சதவிகிதத்தை ஒட்டி விழுந்திருந்த இடத்தில் தாள் அழுக்கேறி மெலிந்திருந்தது. அந்த இடத்தை அவர் பலருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

2013 மே மாதத்துக்கு வந்தபோது ஒரு கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. நீல மையில் இருந்தது 2022-இல் முதிரும் 8.15 சதவிகிதப் பழைய பத்திரம். சிவப்பில் இருந்தது நான் வாங்கிய புதிய பத்திரம். “உங்க திரையில மே மாசம் என்ன தெரிஞ்சுது, தம்பி?” என்று கேட்டார். பழைய தாழ்நிலையை உடைத்துக்கொண்டு ஈல்டு கீழே போனதாகத் தெரிந்தது என்றேன். “அது இறங்கல. பத்திரம் மாறிடுச்சு” என்றார்.

எனக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. இந்திய அரசுப் பத்திரச் சந்தையில் ‘பத்தாண்டு ஈல்டு’ என்று செய்திகளில் வருவது எப்போதும் ஒரே பத்திரத்தைக் குறிப்பதில்லை. அரசு புதிதாகப் பத்தாண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டு, அதில் போதிய வாங்கல் விற்றல் நடக்கத் தொடங்கியதும், அளவுகோல் பழையதிலிருந்து புதியதுக்கு மாறிவிடும். புதிய பத்திரத்தை எந்த நேரத்திலும் எளிதாக விற்றுவிட முடியும் என்பதால், அதைப் பழையதைவிடக் குறைந்த ஈல்டிலேயே வாங்குகிறார்கள். இரண்டையும் ஒரே கோடாக ஒட்டிக் காட்டும் திரையில், மாறிய நாளில் ஈல்டு விழுந்ததைப் போலத் தோற்றம் தரும். உண்மையில் யாரும் அந்த அளவுக்கு வட்டியைக் குறைத்துக்கொள்ள முன்வந்திருக்க மாட்டார்கள். நான் ‘சப்போர்ட் உடைந்தது’ என்று படித்தது இப்படிப்பட்ட ஒட்டுத் தையலைத்தான். அவருடைய நீலக் கோடு மே மாதத்தில் அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. ஜூனில் அது தன் பத்து வாரச் சராசரிக்கு மேலே ஏறியும் இருந்தது.

அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் முதல் பழக்கம் இதுதான். அளவுகோல் பத்திரம் மாறும் காலத்தில் பழையதையும் புதியதையும் குறைந்தது ஆறு வாரம் தனித்தனியே வரைவேன். இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் மட்டுமே அதைத் திசையாக எடுத்துக்கொள்வேன். இப்போது இதற்கு ஓர் எளிய வழியும் உண்டு. ரிசர்வ் வங்கி வாரந்தோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பில் வரும் பத்தாண்டு ஈல்டு, ஒரு தனிப் பத்திரத்தின் ஈல்டாக இல்லாமல் முதிர்வுக் காலம் மாறாதபடி கணக்கிடப்பட்டது என்பதால், அதை எடுத்து வரைந்தால் இந்தத் தையல் பெரும்பாலும் மறைந்துவிடும்.

விலையை வரையாமல் ஈல்டை ஏன் வரைய வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு பத்திரம் முதிர்வை நெருங்க நெருங்க அதன் விலை எப்படியும் 100 ரூபாயை நோக்கி இழுக்கப்படும். 110 ரூபாயில் இருக்கும் பத்திரத்தின் விலைக்கோட்டில் தெரியும் சரிவில் ஒரு பகுதி சந்தையினுடையது, மற்றொரு பகுதி காலத்தினுடையது. இரண்டையும் கண்ணால் பிரிக்க இயலாது. நட்டத்தைக் கணக்கிடுவது விலையில். திசையைப் பார்ப்பது ஈல்டில்.

போக்கு எங்கிருந்து வருகிறது

பங்குச் சந்தை வரைபடங்களைப் பார்த்துப் பழகியவர்கள், அங்கு கற்ற வடிவங்களை எல்லாம் இங்கேயும் தேடுவார்கள். தலை-தோள் வடிவம், முக்கோணம், கொடி போன்றவற்றை நானும் சில ஆண்டுகள் தேடினேன். அவற்றால் எனக்குக் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை. விலை நகரும் வேகத்தை அளக்கும் ஆர்.எஸ்.ஐ. போன்ற அளவீடுகள் ‘அளவுக்கு மீறி விற்றாகிவிட்டது’ என்று சொல்லும்போது வாங்கினால், ஈல்டின் நீண்ட ஏற்றத்தில் அது வாரக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். எனக்குப் பயன்பட்டவை மிக எளியவை: வார முடிவு ஈல்டின் உச்சங்களும் தாழ்வுகளும் ஏறுமுகமா இறங்குமுகமா என்பதும், 10 வார, 40 வாரச் சராசரிகளுக்கு அந்த முடிவு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதும் மட்டுமே.

இவ்வளவு எளிய கருவி ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால், இந்தச் சந்தையில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள், மியூச்சுவல் ஃபண்டுகள், முதன்மை டீலர்கள் (அரசுப் பத்திர ஏலத்தில் விற்காமல் மிஞ்சுவதை ஏற்கப் பொறுப்பேற்ற நிறுவனங்கள்), வெளிநாட்டு முதலீட்டாளர்கள், இவர்கள் எல்லோருக்கும் மேலாக ரிசர்வ் வங்கி. இவர்களில் பலர் தம் விருப்பப்படி வாங்குவதோ விற்பதோ இல்லை. டெபாசிட் பெருகினால் வங்கி பத்திரம் வாங்கியாக வேண்டும்; அரசு கடன் வாங்க வேண்டியிருந்தால் விலை எதுவானாலும் வாரந்தோறும் ஏலம் நடத்தியாக வேண்டும்; சந்தை மதிப்பில் காட்டப்படும் நட்டம் உள்வரம்பைத் தொட்டால் டீலர் விற்றாக வேண்டும். ஒருவர் விற்பதால் ஏறும் ஈல்டு அடுத்தவரை அவருடைய வரம்பை நோக்கித் தள்ளுகிறது. இப்படிக் கட்டாயத்தின் பேரில் நடப்பவை ஒரு நாளில் முடிவதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். வரைபடத்தில் நாம் காணும் போக்கு இந்தக் கட்டாயத்தின் தடமே என்பது என் துணிபு.

2013 ஜூலையில் நடந்ததும் இதுவே. கடன் வாங்கிப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு ஓரிரவுக் கடனின் விலை 10.25 சதவிகிதம் வரை போனது. கையிலிருந்த பத்திரமோ 8 சதவிகிதம் அளவில்தான் ஈட்டியது. ஒவ்வொரு நாளும் வைத்திருப்பதற்கே காசு செலவானது. வட்டி நாளை குறையும் என்று உறுதியாக நம்பியவரும் அந்த நாள் வரும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் விற்றார். என் காரணங்கள் சரியா தவறா என்ற கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை. யார் விற்க வேண்டியிருக்கிறது என்று நான் கேட்டிருக்கவில்லை. ஜூன் மாதத்துக் கோடு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வார முடிவுக்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்ததற்கும் இதே அடிப்படைதான். அரசுப் பத்திர ஏலங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை நடக்கின்றன. காலையில் கேட்பு, பிற்பகலில் முடிவு. ஏலத்தில் வந்து சேர்ந்த புதிய பத்திரங்களைச் சந்தை விழுங்கிய பிறகு, வர்த்தகம் முடியும் நேரத்தில் ஈல்டு எங்கே நிற்கிறது என்பது அந்த வாரத்தின் தேவையும் வரத்தும் மோதியதன் விடை. புதன்கிழமை நண்பகலில் திரையில் ஏறி இறங்கும் பைசாக்களுக்கு அந்த எடை கிடையாது.

வரைபடம் உதவிய இரண்டு காலங்கள்

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, வங்கிகளில் டெபாசிட் வெள்ளமாக வந்தது. வந்த பணத்தை உடனே கடனாகக் கொடுக்க முடியாது. பத்திரத்தில்தான் போட முடியும். 6.8 சதவிகிதத்தை ஒட்டியிருந்த பத்தாண்டு ஈல்டு அந்த மாத இறுதிக்குள் 6.2 வரை இறங்கியது. இதைவிடத் தெளிவான கட்டாய வாங்கலை நான் பார்த்ததில்லை. ஆனால் நவம்பர் 26 அன்று, பெருகிய டெபாசிட்டின் குறிப்பிட்ட ஒரு பகுதி முழுவதையும் ரொக்க இருப்பாகத் தன்னிடம் வைக்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. டிசம்பர் 7-ஆம் தேதி, பலரும் எதிர்பார்த்த வட்டிக் குறைப்பும் வரவில்லை.

அதன்பிறகு கோட்டில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டிசம்பரிலும் ஜனவரியிலும் நல்ல செய்திகளுக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் நவம்பரின் தாழ்நிலையை ஈல்டு மீண்டும் தொடவில்லை. பத்து வாரச் சராசரி தட்டையானது. 2017 பிப்ரவரி 8 கூட்டத்தில் கால் சதவிகிதம் குறையும் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்த நிலையில், நான் என் கையிருப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டேன். அன்று வட்டியை மாற்றாமல், அடுத்து வட்டி எந்தத் திசையில் போகலாம் என்று காட்டும் தன் நிலைப்பாட்டை மட்டும் ‘தளர்வு’ என்பதிலிருந்து ‘நடுநிலை’ என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. அந்த ஒரே நாளில் ஈல்டு ஏறத்தாழ 30 பேசிஸ் பாயின்ட் ஏறி 6.74 சதவிகிதத்தில் முடிந்தது. அந்த அறிவிப்பு வரும் என்று எனக்குத் தெரியாது; வரைபடமும் அதைச் சொல்லவில்லை. இறங்குமுகம் முடிந்துவிட்டது என்பதை மட்டுமே அது சொல்லியிருந்தது. கையிருப்பைக் குறைக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்தது 2017 ஆகஸ்ட் தொடங்கி 2018 மார்ச் வரையிலான காலம். 6.5 சதவிகிதத்தை ஒட்டியிருந்த ஈல்டு ஏறத்தாழ இடைவெளியின்றி 7.7 வரை ஏறியது. கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது. அரசு கூடுதலாகக் கடன் வாங்கும் என்ற அச்சம் இருந்தது. நட்டத்தில் இருந்த வங்கிகள் வாங்குவதையே நிறுத்திவிட்டன. அந்த நாட்களில் எங்கள் அறையில் நாள்தோறும் கேட்ட பேச்சு, ‘இந்த ஈல்டில் வாங்காமல் எந்த ஈல்டில் வாங்குவது’ என்பது. 6.8-இல் அதைச் சொன்னார்கள், 7-இல் சொன்னார்கள், 7.4-இலும் சொன்னார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியின் அப்போதைய துணை ஆளுநர் விரல் ஆச்சாரியா, வங்கிகளின் வட்டி அபாயத்தை ஒழுங்குமுறை அமைப்பே திரும்பத் திரும்பச் சுமந்துகொண்டிருக்க முடியாது என்று வெளிப்படையாகவே பேசினார். ஆனாலும் ஏப்ரலில், அந்தக் காலாண்டுகளின் நட்டத்தை நான்கு காலாண்டுகளுக்குப் பிரித்துக் காட்ட வங்கிகளுக்குச் சலுகை தரப்பட்டது. நட்டம் அந்த அளவுக்குப் பரவியிருந்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் வார முடிவு ஈல்டு 40 வாரச் சராசரிக்கு மேலேயே நின்றது. நான் குறுகிய கால டிரெஷரி பில்களில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு ஒதுங்கியிருந்தேன்.

அந்த ஒதுக்கத்துக்கும் ஒரு விலை இருந்தது. 2018 மார்ச் 26 மாலையில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கடன் வாங்கப் போவதாக அரசு அறிவித்தது. மறுநாள் ஈல்டு ஒரே நாளில் 29 பேசிஸ் பாயின்ட் விழுந்தது. பத்திரமே இல்லாமல் நின்ற எனக்கு அன்று பெரும் நெருக்கடி. ‘போக்கு மாறிவிட்டது, உடனே வாங்குங்கள்’ என்று எல்லாப் பக்கமிருந்தும் அழுத்தம் வந்தது. வெள்ளிக்கிழமைக் கோட்டை எடுத்துப் பார்த்தேன். ஈல்டு கீழிறங்கியிருந்ததே ஒழிய, 40 வாரச் சராசரிக்கு அது இன்னும் மேலேயே இருந்தது. கொஞ்சம் மட்டும் வாங்கினேன். ஏப்ரல் முடிவதற்குள் ஈல்டு மீண்டும் 7.7-க்கு வந்துவிட்டது, அந்த ஆண்டு செப்டம்பரில் 8 சதவிகிதத்தையும் தாண்டியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்தியப் பத்திரச் சந்தையின் பெரிய நகர்வுகளில் கணிசமானவை சில குறிப்பிட்ட நாட்களில் நடந்துவிடுகின்றன: நாணயக் கொள்கைக் குழுவின் அறிவிப்பு நாள், மத்திய பட்ஜெட் நாள், அரையாண்டுக் கடன் திட்டம் வெளியாகும் நாள், பணவீக்க எண் வரும் மாலை. இப்படிப்பட்ட இரண்டு நாட்களுக்கு நடுவே உள்ள வாரங்களில் போக்கைப் பின்பற்றுவது நன்றாகவே பலன் தருகிறது. அந்த நாட்களைத் தாண்டும்போது மட்டும் அதன் மேல் முழு எடையைப் போடக் கூடாது. ஆகவே அறிவிப்புக்கு முந்தைய மாலையில், வரைபடம் எனக்குச் சாதகமாக இருந்தாலும், கையிருப்பைப் பாதியாக்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். இதனால் சில சமயம் லாபம் பாதியாகியிருக்கிறது; அதை நான் விருப்பத்துடனேயே ஏற்றுக்கொண்டேன்.

கோடு பொய் சொன்ன காலம்

2020 மே மாதத்தில் ரெப்போ வட்டி 4 சதவிகிதமாக இறங்கியிருந்தது. பெருந்தொற்றின் காரணமாக அந்த நிதியாண்டின் கடன் திட்டத்தை அரசு 7.8 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 12 லட்சம் கோடிக்கு உயர்த்தியது. இவ்வளவு வரத்து இருந்தால் ஈல்டு ஏறியிருக்க வேண்டும். ஆனால் பத்தாண்டு ஈல்டு 6 சதவிகிதத்தை ஒட்டிப் போகும்போது பெரும்பாலும் திரும்பியது. வரைபடத்தில் அது மிக உறுதியான ரெசிஸ்டன்ஸாக, அதாவது கோட்டை மேலே ஏற விடாத தடையாக, தெரிந்தது. நானும் அங்கே ஒரு கோட்டைக் கிழித்து, அதை நம்பி வாங்கினேன்.

அந்தக் கோட்டைப் போட்டது சந்தை அன்று, ரிசர்வ் வங்கி. ஏலத்தில் அந்த ஈல்டுக்கு மேல் கேட்டவர்களுக்குப் பத்தாண்டுப் பத்திரத்தை ஒதுக்காமல் முதன்மை டீலர்களின் தலையில் இறக்கியது. வெளிச்சந்தையில் தானே வாங்கியது. ஆளுநர் சக்திகாந்த தாஸ், ஈல்டு ஒழுங்காக அமைவது ஒரு பொது நன்மை என்று தொடர்ந்து பேசிவந்தார். அதில் அவருடைய நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தைப் படிப்பவருக்கு, ஒரே ஒருவர் வாங்கி நிறுத்தும் விலையில் மற்றவர்களின் தேவையும் வரத்தும் தெரியாது. 2021-இன் தொடக்கத்தில் ஐந்தாண்டு, பதினான்காண்டுப் பத்திரங்களின் ஈல்டு வேகமாக ஏற, பத்தாண்டு மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. பக்கத்துப் பத்திரங்களை நான் பார்த்திருந்தால் அது உடனே தெரிந்திருக்கும். அந்த ஆண்டு ஜூலையில் வந்த புதிய பத்தாண்டுப் பத்திரம் 6.10 சதவிகிதக் கூப்பனுடன் வந்தது. கோடு அதோடு போயிற்று. இப்போதெல்லாம் பத்தாண்டைத் தனியாகப் படிப்பதில்லை. ஐந்தாண்டும் முப்பதாண்டும் அதே திசையில் செல்கின்றனவா என்று பார்த்த பிறகே கணக்கில் எடுக்கிறேன்.

எவ்வளவு வாங்குவது என்பதைப் பற்றி ஒரு சொல். திசையைச் சரியாகப் படித்தும் நட்டப்பட்ட டீலர்களை நான் கண்டிருக்கிறேன். அளவைத் தவறாகப் போட்டதே காரணம். என் முறை பின்னாலிருந்து தொடங்கும். இந்தக் கணிப்பு பிழையானால் எவ்வளவு இழக்கலாம் என்பதை முதலில் முடிவுசெய்வேன். அது 7 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து வாரச் சராசரியைத் தாண்டினால் வெளியேறுவேன் என்றும், அது இன்றைய ஈல்டிலிருந்து 10 பேசிஸ் பாயின்ட் தொலைவில் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு லாட்டுக்கு இழப்பு மூன்றரை லட்சம். ஆகவே இரண்டு லாட் வாங்கலாம். சராசரி 20 பேசிஸ் பாயின்ட் தொலைவில் இருந்தால் ஒரே லாட்தான். மனத்தில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராது. 2013-இல் எனக்கு உறுதி மிகுதியாகவே இருந்தது.

தனிமனிதர்களுக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும்

2021 நவம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளத்தில் எவரும் கணக்குத் தொடங்கி அரசுப் பத்திரம் வாங்கலாம். அப்படி வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவருக்கு நான் மேலே எழுதிய எதுவும் தேவையில்லை. கூப்பன் வரும், முதல் திரும்பும். சிறு தொகையில் வாரத்துக்கொரு முறை வாங்கி விற்பதும் வேண்டாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி லாபத்தைத் தின்றுவிடும். வார வரைபடம் பயன்படுவது, நீண்டகால அரசுப் பத்திரங்களை வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்டான கில்ட் ஃபண்டில் பணம் போட்டிருப்பவருக்கு. அவர் பார்ப்பது வட்டியை மட்டும். அவர் கையில் இருப்பதோ விலை ஏறி இறங்கும் ஒரு பண்டம்.

மதுரையில் இருக்கும் என் அத்தான் அப்படி ஒருவர். ஓய்வுத் தொகையில் ஒரு பகுதியை 2024-இல் கில்ட் ஃபண்டில் போட்டார்; ஈல்டு இறங்கிக்கொண்டே வந்ததால் நல்ல லாபமும் பார்த்தார். 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை எதிர்பாராத விதமாக அரை சதவிகிதம் குறைத்து 5.50 ஆக்கியது, வங்கிகள் டெபாசிட்டில் தன்னிடம் வைக்க வேண்டிய பங்கான ரொக்க இருப்பு விகிதத்தையும் ஒரு சதவிகிதம் படிப்படியாகக் குறைப்பதாக அறிவித்தது. கூடவே, நிலைப்பாட்டைத் ‘தளர்வு’ என்பதிலிருந்து ‘நடுநிலை’ என்று மாற்றியது. அன்று மாலை அத்தான் தொலைபேசியில் அழைத்து, “அரை சதவிகிதம் குறைச்சிருக்காங்களே, இன்னும் கொஞ்சம் போட்டுரலாமா?” என்று கேட்டார்.

காலையில் இறங்கிய ஈல்டு மாலைக்குள் திரும்பி ஏறியிருந்ததை நான் பார்த்திருந்தேன். இவ்வளவு பெரிய நற்செய்திக்கும் விலை ஏறி நிற்கவில்லை என்றால், வாங்க வேண்டியவர்கள் ஏற்கெனவே வாங்கி முடித்திருக்கிறார்கள் என்று பொருள். 2017 ஜனவரியில் நான் பார்த்த அதே அறிகுறி. ஒரு நாளை வைத்து விற்கச் சொல்ல மாட்டேன், புதிதாகப் போட மட்டும் வேண்டாம், அத்தான், வாரக் கோட்டைப் பார்ப்போம் என்றேன். ஜூலை முழுவதும் ஈல்டு ஒரு சிறு எல்லைக்குள்ளேயே நின்றது. ஆகஸ்டில் வெள்ளிக்கிழமை முடிவு பத்து வாரச் சராசரிக்கு மேலே தெளிவாக வந்து, ஜூன் மாதத்து உச்சத்தையும் கடந்தது. அந்த மாதத்திலேயே 6.5 சதவிகிதத்தைத் தாண்டியது. அந்த வாரம் அத்தான் கில்ட் ஃபண்டிலிருந்து பாதியை எடுத்துக் குறுகிய காலக் கடன் ஃபண்டுக்கு மாற்றினார். எந்த வெள்ளிக்கிழமை ஈல்டு மீண்டும் பத்து வாரச் சராசரிக்குக் கீழே முடிந்து, அடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கேயே நிற்கிறதோ, அன்று திரும்ப மாற்றலாம் என்று பேசி முடிவுசெய்தோம். அதைத் தேதியுடன் என் கிராஃப் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அத்தானும் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.